மூன்றாவது வேண்டாம்

"அப்போ யெஸ்தானே?" என்று ஆம்புலன்ஸில் கூட வந்த பாராமெடிக் கேட்டார். நானும் "யெஸ்" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று நொடிகூட இருக்காது. அதற்கப்புறம் படிப்பு முடிந்து, தேசியப் பரீட்சை எழுதி, பாஸாகி, இப்போது வேலையும் பார்க்கிறேன். இருந்தும் அந்த ஒரு யெஸ் மட்டும் போக மாட்டேன் என்கிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது. சிக்னலில் நிற்கும்போது வருகிறது.

யாருக்காக அந்த யெஸ்ஸைச் சொன்னேனோ, அந்த அம்மாவின் வயது, வீடு, குடும்பம் எல்லாவற்றையும் இங்கே கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவர் பேசியதை மட்டும் மாற்றவில்லை. ஒரு தடவை மாற்றியதே போதும்.

கலிபோர்னியாவில் ஆம்புலன்ஸில் அவசர முதலுதவி செய்யும் இ.எம்.டி. ஆக குறைந்தது 170 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 24 மணி நேரம் நிஜ நோயாளிகளோடு. பத்துப் பேரையாவது பார்த்து, ஆளுக்கு ஒரு தாள் நிரப்பி, கூட இருக்கும் சீனியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த அம்மா என்னுடைய ஏழாவது தாள்.

கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர்தான். பதினைந்து வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு, ஆள்குறைப்பில் வெளியே வந்து, நாற்பத்து மூன்று வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு தரையில் மண்டிபோட்டுப் பொம்மையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, முப்பதுக்கு இரண்டு மூச்சு. அவர்களுக்கு வேர்க்கும், எனக்கு முட்டி வலிக்கும். ஆனால் டெஸ்டிங் புத்தி அங்கே நன்றாகக் கைகொடுத்தது. எல்லாமே செக்லிஸ்ட்தான். கையுறை போட்டிருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல மறந்தால், மீதி அத்தனையும் சரியாகச் செய்திருந்தாலும் ஃபெயில். இந்த மாதிரி விஷயத்தில் நான் கில்லாடி.

சம்மதம் பற்றிய பாடத்தை ஒரே மாலையில் முடித்தார்கள். ஆசிரியர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். நினைவு தெளிவாக இருக்கிற, விஷயம் புரிந்த பெரிய மனுஷர் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் செத்துவிடுவார் என்று நீ நினைத்தாலும் வேண்டாம்தான். மீறித் தொட்டால் தாக்குதல், மீறி வண்டியில் ஏற்றினால் ஆள்கடத்தல் என்று வழக்கு வரலாம். மயங்கிக் கிடப்பவர் மட்டும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளலாம். புரிந்ததா? புரிந்தது. பரீட்சையிலும் அந்தக் கேள்விகளை எல்லாம் சரியாகவே எழுதினேன். பயிற்சியில் நோயாளியாக நடித்த பையன்களும் யெஸ் என்றார்கள், இல்லை நோ என்றார்கள். யாரும் "பாத்துச் செய்யுங்க கண்ணு" என்று சொல்லவில்லை.

நாங்கள் உள்ளே போனபோது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ். நெற்றியில் ஈரம். மகன் என் முகத்தைப் பார்த்ததும், "நீங்க தமிழா?" என்றார். தலையாட்டினேன். பாராமெடிக் அதற்குள் ஃபோனில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தார். தமிழுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். நீதான் இருக்கிறாயே என்று ஃபோனை வைத்துவிட்டார். அந்தப் பாட்டு இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

"வேண்டாங் கண்ணு, ஒண்ணுமில்ல, வாயு" என்றார். முதல் வேண்டாம்.

கொங்குப் பேச்சு. எங்கள் பக்கத்துப் பேச்சு. அதைக் கேட்டதுமே நான் பாதி மாணவி, பாதி பக்கத்து வீட்டுப் பெண் ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வலி குத்துகிறதா, அழுத்துகிறதா, எரிகிறதா என்று பாராமெடிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "வலின்னெல்லா சொல்ல முடியாது. தின்ன சோறு எறங்காம நெஞ்சுல நிக்கிற மாதர" என்றார். பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு பிரசவம் வீட்லயே ஆனவ நானு. இதுக்கு என்னத்த மார்க்குப் போடறது?" இதை அப்படியே சொன்னேன், பாராமெடிக் சிரித்துவிட்டார். அதுவரை நான் நல்ல மொழிபெயர்ப்பாளர்தான்.

சர்க்கரை இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும் என்பது பாடத்தில் உண்டு. ரத்த அழுத்தம் 172-க்கு 96. ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றதும் மகன் மாத்திரை எடுத்துவரச் சமையலறைக்குப் போனார். நான் ஒரு போர்வையைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டேன். ரவிக்கையில் கடைசிக் கொக்கி இல்லை, அங்கே ஒரு ஊக்கு. அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் உதட்டில் கவ்வப் போனார். வாங்கி என் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். (அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போதும் இருக்கிறது. அதை என்ன செய்வது?)

ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது; ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்து, மறுபடி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பாராமெடிக் இதைச் சொல்லி, "இது இதயமாக இருக்கலாம், வராமல் இருந்தால் இறந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்று தெளிவாகச் சொல்" என்றார்.

நான் சொன்னது: "எதுக்கும் ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாங்கம்மா. நெஞ்சு சமாச்சாரம், விட்றக் கூடாது."

செத்துப் போவீர்கள் என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் விளக்கை அணை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம். ஆனால் என்ன ஆபத்து என்று தெரியாமல் கொடுக்கிற சம்மதமும் செல்லாது, மறுப்பும் செல்லாது. அதுவும் அதே மாலைப் பாடத்தில் இருந்தது.

"வேண்டாங் கண்ணு" என்றார். இரண்டு.

அப்புறம் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "என்ர பையனுக்கு வேல போயி மூணு மாசமாச்சு. எங்கிட்டச் சொல்லல. ராத்திரி ரெண்டு பேரும் பேசறது எங்காதுல உழுகாதா? வரையில இன்சூரன்சு போட்டுத்தான் கூட்டியாந்தான், ஆனா முன்னாடியே இருக்கற சக்கரை கொதிப்புக்கெல்லா அது ஆவாதாமா. இந்த வண்டில ஏறுனாலே எத்தன ஆகும்? நாளைக்கு ஊருக்குப் போனா அங்க பாத்துக்கறனே. வேண்டாங் கண்ணு."

மூன்று.

அரை நிமிஷம் பேசியிருப்பார். பாராமெடிக் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார்?

"பயப்படுறாங்க" என்றேன்.

பொய் இல்லை. பயந்துதான் இருந்தார். ஆனால் எதற்குப் பயம் என்பதை நான் விழுங்கிவிட்டேன். மகனின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். வேலை போன வீட்டில் இன்சூரன்ஸ் போவது என்னவென்று எனக்குத் தெரியாதா? அதே வருஷம் என் வீட்டிலும் அதுதான். தெரிந்ததால்தான் சொல்லவில்லையோ? பணம் என்று சொல்லியிருந்தால் பாராமெடிக் என்ன செய்திருப்பார்? செலவைப் பற்றி அவரால் எதுவும் சொல்ல முடியாது. ஆபத்தை மறுபடி விளக்கி, வேண்டாம் என்றால் மறுப்புப் படிவத்தை நீட்டியிருப்பார். அந்த அம்மாவும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைத்தான் நான் தடுத்தேன். தெரிந்தேதான் தடுத்தேன்.

"பணமெல்லா அப்புறம் பாத்துக்கலாங்கம்மா" என்றேன் அவரிடம். பாத்துக்கலாமாம்! யார் பார்த்துக்கொள்வது? ஆம்புலன்ஸ் பில் மட்டுமே ஆயிரக்கணக்கில் வரும். அது என் வீட்டு விலாசத்துக்கு வரப்போவதில்லை.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "என்னமோ போ. பாத்துச் செய்யுங்க கண்ணு."

அங்கேதான் அந்தக் கேள்வி. அங்கேதான் என் யெஸ்.

இந்த வார்த்தையை எங்கெல்லாம் சொல்கிறோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கல்யாணத் தரகரிடம் சொல்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்கிறோம். அங்கெல்லாம் உங்கள் கையில் விட்டுவிட்டேன் என்று அர்த்தம், அப்படியானால் யெஸ்தான். ஆனால் நகைக்கடையில் சேதாரம் பேசும்போதும் இதையேதான் சொல்கிறோம். அங்கே அதற்கு அர்த்தம், என்னால் அவ்வளவு முடியாது, குறைத்துக்கொள். அந்த அம்மா எந்தக் கடையில் நின்றுகொண்டு சொன்னார்?

எங்கள் ஊரில் காபி குடிக்கிறீர்களா என்றால் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது தயக்கத்துக்கு. மூன்றாவது வேண்டாமுக்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும். அப்படி வளர்ந்தவளுக்கு மூன்று வேண்டாம் எல்லாம் ஒரு கணக்கா என்று எனக்காக நானே வாதாடுவேன். உடனே இன்னொன்று தோன்றும்: காபிக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. அந்த அம்மா காரணம் சொன்னார்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-இல். அப்பா போனது 2004-இல், வாடகை அம்பாசடரின் பின்சீட்டில். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க "வேண்டாம், வாயுதான்" என்று அவர் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே மன்னித்துவிடுகிறார்கள். அதனாலேயே இந்தக் காரணத்தின் மேல் எனக்குச் சந்தேகம். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அப்பா ஞாபகமே வரவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தார்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்து பொம்மைகளின் முகத்தை ஆல்கஹால் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நாற்காலியில் உட்கார வைக்கும்போது கையை உதறினாரா?" இல்லை. தன் பையை எடுத்துத் தரச் சொன்னார், கண்ணாடியை மறக்காமல் கேட்டார். "அப்படியானால் வர ஒப்புக்கொண்டார். நடத்தையும் சம்மதம்தான்" என்றார். நிம்மதியாக இருந்தது. துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, "ஆனால் இன்னொரு முறை இப்படிச் செய்யாதே" என்றார். இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வேலைக்கு வந்த பிறகு, யார் என்ன சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். போன மாதம் ஒரு தமிழ்த் தாத்தா. "நீங்கள் வராவிட்டால் இறந்துபோகலாம்" என்று அப்படியே சொன்னேன். அவர் மகள், "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?" என்று என் மேல் பாய்ந்தார். தாத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து செருப்பைத் தேடினார். முறைப்படி எல்லாம் சரி. வழி நெடுக அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அது நோயினாலா என் வாயினாலா என்று தெரியவில்லை.

ஒருதடவைதான் மாற்றிச் சொன்னேன் என்கிற மாதிரி மேலே எழுதியிருக்கிறேன். கணக்குத் தப்பு. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டிய விரலைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, எத்தன ஆகும்?"

பாராமெடிக் நிமிர்ந்து, என்ன கேட்கிறார் என்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறாங்க" என்றேன்.

"பன்னிரண்டு நிமிஷம்" என்றார் அவர்.

"பன்னெண்டு நிமிசங்கம்மா" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.