கப்பலில் வந்த சீமாட்டி

ஜூன் 2, 2024, ஞாயிறு
'புவர் திங்ஸ்' பார்த்தேன். கப்பல் காட்சிகளில் வயதான ஒரு சீமாட்டி வருகிறார். நாயகி படிக்கும் புத்தகத்தைக் கூட வந்தவன் பிடுங்கிக் கடலில் எறிய, இந்த அம்மாள் அலட்டிக்கொள்ளாமல் இன்னொரு புத்தகத்தை நீட்டுகிறார். யார் இவர் என்று தேடினால், ஜெர்மன் நடிகை ஹன்னா ஷிகுல்லா! போன டிசம்பரில் 80 வயதாகிவிட்டது. இவருடைய பழைய படங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்
1943 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். பிறந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. 1945-இல் குடும்பம் அகதியாக மியூனிக் வந்தது. அப்பா போர்க்கைதி, 1948-இல்தான் வீடு திரும்பினார். நடிப்பு வகுப்பில் அறிமுகமானவர், பிறகு இயக்குநரான ரைனர் வெர்னர் ஃபாஸ்பைண்டர். 1969-இல் அவர் எடுத்த முதல் முழுநீளப் படத்திலேயே ஹன்னா இருக்கிறார்.

ஜூன் 8, சனி
இன்று அம்மாவும் கூட உட்கார்ந்துவிட்டார். 1972-இல் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் தொடங்கிய ஃபாஸ்பைண்டரின் தொடர், 'எட்டு மணி நேரம் ஒரு நாளாகாது'. கொலோன் நகரத் தொழிலாளர் குடும்பத்துக் கதை. ஹன்னா பத்திரிகை விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கும் மரியோன். காதலன் தொழிற்சாலையில் கருவிகள் செய்பவன். சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு நான்தான் அம்மாவுக்குக் கதை சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் பிடித்தது ஹன்னாவை அல்ல, பாட்டியை. அனுமதியே வாங்காமல் குழந்தைகள் காப்பகம் திறக்கிற பாட்டி! "நம்ம சீரியல் பாட்டிங்க அழறதோட சரி" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு
தொடர் முடிந்தது. எட்டு பகுதிகள் போட்ட திட்டத்தில் ஐந்துதான் வந்தன. தொலைக்காட்சி நிலையம் நிறுத்திவிட்டதாம். அம்மாவுக்குக் கோபம்.

ஜூன் 13, வியாழன்
'எஃபி பிரீஸ்ட்', 1974. கறுப்பு வெள்ளை. அழகான படம்தான், பாதியில் கொஞ்சம் கண் அசந்தேன். இதன் பிறகு இயக்குநர் ஃபாஸ்பைண்டருக்கும் ஹன்னாவுக்கும் முட்டிக்கொண்டது. நாலைந்து வருடம் சேர்ந்து வேலை செய்யவில்லை.

ஜூன் 15, சனி
அப்புறம் சேர்ந்தபோது வந்ததுதான் 'மரியா பிரவுனின் திருமணம்'. குண்டு விழுகிற நேரத்தில் கல்யாணம். ஒரு பகலில் பாதி, ஓர் இரவு முழுக்க, அவ்வளவுதான் தாம்பத்தியம். புருஷன் போர்முனைக்குப் போய்விடுகிறான். போர் முடிந்ததும், அவனைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்கிற அட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகிறாள் மரியா. அங்கே படத்தை நிறுத்திவிட்டேன். 1948 வரை காத்திருந்தவர் ஹன்னாவின் அம்மா அல்லவா? அந்த வீட்டில் வளர்ந்தவருக்குக் காத்திருப்பை யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. மரியா பணக்காரி ஆக ஆக முகம் இறுகுவதில்லை. கனவு காண்பது போல மிதக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. கடைசியில் ரேடியோவில் 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என வென்று வர்ணனையாளர் கத்தும்போது, கேஸ் வெடித்து வீடே போகிறது. 1979 பெர்லின் திரைப்பட விழாவில் இதற்காக ஹன்னாவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது.

ஜூன் 18, செவ்வாய்
1982-இல் ஃபாஸ்பைண்டர் 37 வயதில் இறந்துபோனார். அதோடு ஹன்னாவும் ஓய்ந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை. மறு வருடமே ஓர் இத்தாலிய இயக்குநரின் படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது. 1986-இல் சக் நோரிஸின் சண்டைப் படத்தில் விமானப் பணிப்பெண்! அதையும் பார்த்தேன், சொல்ல எதுவுமில்லை.

ஜூன் 22, சனி
இயக்குநர் ஃபாத்தி அகினின் 2007 படம். மகளைப் பறிகொடுத்த தாய் இஸ்தான்புல் ஹோட்டல் அறையில் தனியாக இருக்கிறாள். கேமரா மேலே ஒரே இடத்தில் நிற்கிறது; கீழே அவள் குடிக்கிறாள், புரள்கிறாள், கதறுகிறாள். இசையும் இல்லை, முகத்தின் நெருக்கக் காட்சியும் இல்லை. வெகு நேரம் கழித்து அம்மா கேட்டார்: "இது அந்த விளம்பர ஆபீஸ் பொண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அந்தப் பாட்டி?"

லூயிஸ் உல்ரிஷ் 1985-லேயே காலமாகிவிட்டார் என்றேன். அம்மா எழுந்து போய் விளக்கைப் போட்டார்.