அப்பா பெயரில் அழைத்த அரை வருடம்

எத்தியோப்பியாவிலிருந்து வந்த அந்தப் பையனை முதல் செமஸ்டர் முழுக்க அவன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். பதிவேட்டில் கடைசியாக இருந்த சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். அவனும் ஒவ்வொரு நாளும் எழுந்து நின்று "யெஸ் சார்" என்றான்.

இன்னொன்றும் இருந்தது. "புரியுதா?" என்று கேட்டால் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பான். விக்கல் மாதிரி ஒரு சின்னச் சத்தம். பாடம் பிடிபடாமல் திகைக்கிறான் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து நடத்துவேன். அவன் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். நாம் தலையாட்டுவதை அவன் 'இல்லை' என்று எடுத்துக்கொண்ட நாட்களும் உண்டாம்.

புராஜெக்ட் அட்டையில் பெயர் அச்சடிக்கும்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், அது எங்கப்பா பேரு." ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியை உதாரணம் காட்டினான். 1996இலும் 2000இலும் ஒலிம்பிக் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கியவர். ஹைலேதான் அவர் பெயர், கெப்ரசெலாசி அவருடைய அப்பா. அங்கே தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாக வரும்.

"ஏன் தம்பி இத்தனை நாள் சொல்லல?"

"வாத்தியாரை எப்படி சார் திருத்துறது?"

தேவகோட்டைப் பையனும் இதையேதான் சொல்லியிருப்பான். என்னை உறுத்தியது வேறு. எனக்கே குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தவித்தவன் நான். நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

இப்போதெல்லாம் முதல் நாள் பதிவேட்டைத் திறப்பதில்லை. அவரவர் பெயரை அவரவரே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன். மியான்மர் மாணவி ஒருத்தியின் பெயரில் மூன்று சொற்கள். மூன்றும் சேர்ந்ததுதான் பெயர், அதில் எதுவும் குடும்பப் பெயர் இல்லை. நாலைந்து தடவை சொல்லிப் பழகினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் செட்டியார் வீடுகளுக்குப் பேர்போன கானாடுகாத்தானுக்கு அழைத்துப்போனேன். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாம் பார்த்தான். ஆனால் நின்றது ஒரு வீட்டு முகப்பில் எழுதியிருந்த 'ராம. சித. மெ.' என்ற எழுத்துகளுக்குக் கீழேதான். அதற்கு விலாசம் என்று பெயர்; அப்பா, தாத்தா என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் என்றேன். இந்த வீட்டுப் பையன்களும் சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, கப்பலேறி, பாஷை தெரியாத ஊரில் தொழில் பழகியவர்கள்தான் என்றேன்.

"அங்கே அவங்களை எப்படிக் கூப்பிட்டாங்க?"

"பொதுவா செட்டியார்னுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். அப்புறம் கேட்டான், "சார், உங்க பேருக்கு முன்னாடி இருக்கிற எழுத்து யாரு?"

அப்பா பெயரைச் சொன்னேன். அதில் வரும் 'ழ' அவனுக்குச் சட்டென்று வரவில்லை. பஸ் வரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.