கெய்ரோவிலிருந்து எட்ஃபு வரை: பழைய எகிப்தியரின் கண்மையும் களிம்பும்

கெய்ரோவில் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நார்மர் மன்னனின் பலகை முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். சுமார் 5,000 ஆண்டுப் பழைய கல், உயரம் 64 செ.மீ. அளவு. மன்னன் எதிரியை ஓங்கி அடிக்கும் பக்கத்தைப் படமெடுத்துவிட்டுக் கூட்டம் நகர்ந்துவிடும். மறுபக்கம் வாருங்கள். நீண்ட கழுத்துள்ள இரண்டு விலங்குகள் பின்னிக்கொண்டிருக்கும், அந்தக் கழுத்துகளுக்கு நடுவே ஒரு வட்டக் குழி. கண்மை அரைக்கும் பலகையில் இருக்கும் குழி அது. இது சடங்குக்குச் செய்த பெரிய பலகை. வீட்டில் புழங்கியவை உள்ளங்கையளவு. மீன், ஆமை உருவில் செதுக்கிய அவை கல்லறைகளில் நிறையக் கிடைத்திருக்கின்றன.

முதலில் அதிகம் பூசியது பச்சை: சினாய் சுரங்கத்து மாலகைட், செம்புத் தாது. பிறகு கறுப்பு மேலோங்கியது. அது கலீனா என்னும் ஈயக் கல். செங்கடல் கரையில் ஜெபல் ஸைத்தில் வெட்டி எடுத்தார்கள். கலீனாவை மாவாக அரைத்தால் மங்கிய கறுப்பு, சற்றுக் கரகரப்பாக விட்டால் மினுமினுப்பு. இந்தப் பொடியுடன் சிறிது கொழுப்பைக் குழைத்து, குச்சியால் இமையோரம் இழுப்பார்கள்.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அந்த மையில் கலந்திருக்கும் வெள்ளைப் பொடிதான். லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மைக் குப்பிகளின் மிச்சத்தை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். லாரியோனைட், ஃபாஸ்ஜெனைட் என்ற இரண்டு ஈயச் சேர்மங்கள் அதில் இருந்தன. இயற்கையில் அவை மிக அரிது, அள்ளிக்கொண்டு வர முடியாது. செய்துதான் ஆகவேண்டும். செய்முறைக்கான துப்பு கிரேக்க மருத்துவர் டையோஸ்கோரிடிஸின் குறிப்பில் இருந்தது. மிருதார்சிங்கியை (ஈய ஆக்சைடு) உப்போடு அரைத்து, வெதுவெதுப்பான நீரில் கலக்க வேண்டும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு உப்பும் புது நீரும் சேர்க்க வேண்டும். இதை நாள்தோறும், வாரக்கணக்கில் செய்ய வேண்டும். நீரை மாற்றாமல் விட்டால் காரத்தன்மை கூடி வினை நின்றுபோகும், வேண்டிய வெள்ளை கிடைக்காது. இப்படிக் கிடைப்பது லாரியோனைட். நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பும் சேர்ந்தால் ஃபாஸ்ஜெனைட். இவ்வளவு பாடும் நிறத்துக்காக மட்டும் இருக்க முடியாது. ஈய அயனி மிகச் சிறிய அளவில் தோல் செல்களை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கிறது, அது நோயெதிர்ப்பைத் தூண்டும் என்று 2010இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அதற்காக கெய்ரோவின் கான் எல்-கலீலி கடைத்தெருவில் விற்கும் சுர்மா என்ற கண்மையை வாங்கிக் கண்ணில் இடாதீர்கள். பலவற்றில் இன்றும் ஈயம் உண்டு. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தோலுக்கான மருந்துகள் எபர்ஸ் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்திய மருத்துவச் சுவடியில் இருக்கின்றன. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட அது இப்போது ஜெர்மனியில் லைப்சிக் நகரில். சுருக்கத்துக்கு: குந்திரிக்கம், தேன்மெழுகு, புது முருங்கை விதை எண்ணெய், கோரை, எல்லாம் ஒவ்வொரு பங்கு. நைய அரைத்து, பிசுபிசுப்பான சாற்றில் குழைத்து, தினமும் முகத்தில் பூச வேண்டும். இந்த முருங்கை நம் வீட்டு முருங்கையின் இனம்தான், பாலைவனத்தில் வளர்வது. அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்காது என்பதால் வெயில் நாட்டுக் களிம்புக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. உடம்பு மினுக்க வேறொன்று: அலபாஸ்டர் என்ற வெண்கல்லின் பொடி, நேட்ரான், உப்பு, தேன், சம பங்கு. அதைத் தேய்த்துக் கழுவினால் இறந்த தோல் உதிரும், ஆனால் நேட்ரான் காரம் என்பதால் அதிக நேரம் விட்டால் எரிச்சல்தான்.

லக்சரில் மேற்குக் கரை தைர் எல்-மதீனாவுக்குக் கட்டாயம் போங்கள். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கல்லறைத் தொழிலாளர்கள் கூலிப் பொருள் வராமல் வேலையை நிறுத்திய ஊர் அது. துணியில்லை, தைலமில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று முறையிட்டார்கள். கல்லுடைப்பவனுக்கும் தைலம் கூலியோடு சேர்ந்தது, அரண்மனைக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்தில் நக்த் என்பவரின் கல்லறை ஓவியத்தில் விருந்துப் பெண்கள் தலையில் மணக் கூம்பு வைத்திருப்பார்கள். அது வெறும் ஓவியக் குறியீடு என்று பலர் நினைத்திருந்தார்கள். அமர்னா கல்லறைகளில் மெழுகுக் கூம்புகளே கிடைத்ததை 2019இல் அறிவித்தார்கள்.

அங்கிருந்து தெற்கே எட்ஃபு. ஹோரஸ் கடவுள் கோயிலின் உள் தூண் மண்டபத்தில் இடப்பக்கச் சிற்றறைக்கு வழிகாட்டிகள் 'ஆய்வகம்' என்று பேர் சொல்வார்கள். இருட்டு அறை, சுவரெங்கும் தைலம், தூபம் செய்யும் முறைகள் அளவோடு செதுக்கியிருக்கும். கைஃபி தூபமும் அதில் உண்டு: இடித்த மூலிகைகளை மதுவில் ஊறவைத்து, உலர்திராட்சை சேர்த்து, பிசினும் தேனும் காய்ச்சிக் கலப்பார்கள். வெள்ளைப்போளம் பொடி கடைசியில்தான் சேரும். அடுப்பில் போட்டால் அதன் மணம் ஆவியாகிவிடும்.