முகப்புச் சுவரில் மெருகு ஏறிவிட்டது (முக்கால் சுவர் பாக்கி)

சுண்ணாம்புப் பூச்சில் மெருகு ஏறிவிட்டது. முழுச் சுவரில் இல்லை. வாசல் நிலைக்கு வலப்பக்கம், ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு அகலம்தான். ஆனாலும் சாயங்கால வெயில் விழும்போது எதிர்வீட்டுத் தூண் அதில் நிழலாகத் தெரிகிறது. 'பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிட்டுப் போவீகளா, இதப் போயி நோண்டிக்கிட்டு' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன சங்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் இப்போது வரிசையாக வந்து தடவிப் பார்க்கிறார்கள். தடவாதீர்கள் என்று அட்டை எழுதி மாட்டியும் பலனில்லை.

செட்டிநாட்டில் எங்கள் தெருச் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முகப்பை மட்டும் பங்காளிகள் புழங்கக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சம்மதத்தை வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவருக்குத் தனக்குப் பங்கு இருப்பதே தெரியாது. முகப்பு, இரண்டு திண்ணை, நடுவில் பர்மாத் தேக்கு நிலை. அதைத் தாண்டிப் பட்டாலை என்னும் கூடத்துக்கு உள்ளே போக அனுமதி இல்லை. இந்த முகப்புச் சுவரைப் பழையபடி சுண்ணாம்பிலேயே பூசி எடுப்பதுதான் நான் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

சுண்ணாம்பு நீற்றுவது, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போடுவது, முதல் இரண்டு பூச்சு இதெல்லாம் இங்கே வேண்டாம். கை வைத்தவர்களுக்குத் தெரியும், வைக்காதவர்களுக்கு எழுதிப் புரியாது. என் உயிரை வாங்கியது கடைசிப் பூச்சும் அதைத் தேய்க்கும் நேரமும்தான்.

மெருகு என்பது பூசும் பொருளில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெள்ளைக்கரு எத்தனை, மாக்கல் பொடி எவ்வளவு, தயிர் உண்டா இல்லையா என்று ஆளுக்கு ஒரு கணக்கு. எல்லாம் சரிதான், ஆனால் தேய்க்கும் நேரம் தவறினால் எந்தக் கணக்கும் உதவாது. வேட்டித் துணியில் வடிகட்டிய சுண்ணாம்பை மெல்லிசாக இழுத்துவிட்ட பிறகு ஒரு நேரம் வரும். அதற்கு முன்னால் தேய்க்கிற கல்லை வைத்தால் தோல் சுருண்டுகொண்டு வரும், சுவரில் அலை அலையாக நிற்கும். அதற்குப் பிறகு வைத்தால் வெறும் மாவுதான் உதிரும், நாள் முழுக்கத் தேய்த்தாலும் பளபளப்பு வராது. நடுவில் இருக்கும் அந்த நேரம் புரட்டாசி வெயிலில் ஒரு மாதிரி, மார்கழிப் பனியில் வேறு மாதிரி. மேற்கே இருந்து காற்று அடித்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போய்விடும்.

எனக்குக் கைகொடுத்த கொத்தனாரய்யா எழுபதைத் தாண்டியவர். காலையில் பூசியதை எப்போது தேய்க்கலாம் என்று கேட்டேன். "சொவத்தக் கேளுங்க தம்பி, என்னய ஏன் கேக்குறீக?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு புறங்கையை எடுத்துச் சுவரில் வைத்துக் காட்டினார். உள்ளங்கை இல்லை, புறங்கை. ஈரம் கையில் ஒட்டக் கூடாது, ஆனால் குளிர்ச்சி எலும்பு வரை தெரிய வேண்டும். அந்த நிலை வந்ததும் நிறுத்தாமல் தேய்க்க வேண்டும். முதலில் கனமே இல்லாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, சின்னச் சின்ன வட்டமாக. கல்லின் சத்தம் மாறும். முதலில் சரசரவென்று இருப்பது ஒரு கட்டத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தச் சத்தம் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கல்லைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இரும்புக் கரண்டியால் அழுத்தினாலும் ஓரளவு மின்னும், ஆனால் வெள்ளைச் சுண்ணாம்பில் சாம்பல் கோடு விழுந்துவிடும், பிறகு போகாது. அதனால் கல்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கினேன். கொத்தனார் சாமான் என்று கேட்டால் பித்தளைத் தூக்குக் குண்டு எடுத்துக் காட்டுகிறார்கள், மேசையில் வைக்கிற அழகுப் பொருளின் விலைக்கு. அந்தத் தெருவுக்குப் போனாலே எனக்கு மனசு கெட்டுவிடும். இடித்த வீடுகளின் நிலை, கதவு, தூண், எனாமல் தூக்கு எல்லாம் அங்கே சாய்ந்து நிற்கும். எந்த ஊர் எந்த வீடு என்று பார்க்காமல் வர முடியாது. கடைசியில் சரியாக வந்த கல் எந்தக் கடையிலும் வாங்கியது இல்லை. கொத்தனாரய்யா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆற்றுக் கூழாங்கல், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையானது. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்னொன்று. ஒரே மூச்சில் எவ்வளவு தேய்க்க முடியுமோ அவ்வளவுதான் பூச வேண்டும். நிறுத்தி மறுநாள் ஒட்டினால் ஒட்டு தெரியும். பழைய வீடுகளில் சுவரை அரைத்தூணும் கரையுமாகப் பிரித்து வைத்திருப்பது அழகுக்கு மட்டும் இல்லை, ஒட்டை மறைக்கவும்தான் என்பது என் கட்சி. கொத்தனாரய்யா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முட்டை விவகாரம் வேறு. முகப்பை ஒட்டிப் பிள்ளையார் கோயில். வெள்ளைக்கரு சேர்ப்பது தெரிந்ததும் சங்கத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. கறிக்குழம்பு சாப்பிடும் வீட்டிலிருந்துதான் பலத்த எதிர்ப்பு. எதிர்வீட்டு ஆச்சிதான் தீர்த்துவைத்தார்கள்: "ஒங்க வீட்டு வளவுச் சொவரு எதுல பளபளங்குதுன்னு ஒங்க அப்பத்தாவக் கேட்டியா?" அத்தோடு முடிந்தது. இருந்தாலும் முட்டை சேர்த்து ஒரு சதுரம், சேர்க்காமல் ஒரு சதுரம் என்று பின்சுவரில் போட்டுப் பார்த்தேன். சேர்க்காததும் மின்னுகிறது, ஆனால் பக்கத்தில் நின்றால்தான். மஞ்சள்கரு எல்லாம் தெருப் பிள்ளைகளுக்கு ஆம்லெட் ஆகிப் போனது.

சுண்ணாம்பு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூட்டை கட்டி விற்கும் பொடியை நம்ப வேண்டாம். கட்டியாக வாங்குங்கள், கடை வாசலிலேயே ஒரு கட்டியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீறிக்கொண்டு பொங்கி உதிர வேண்டும். ஒரு வியாபாரி அனுப்பிய சரக்கு தண்ணீர் விட்டதும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. காற்றிலேயே நீர்த்துப்போன பழைய சரக்கு. பாதிப் பணம்தான் திரும்பியது. கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வெள்ளை, அதை நீற்றித் தண்ணீருக்கடியில் எத்தனை மாதம் போட்டுவைத்தாலும் நல்லதே.

இடப்பக்கச் சுவரைத்தான் நினைத்தால் வயிறு எரிகிறது. சில வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் இடுப்பளவுக்கு சிமென்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேல் உப்பாகப் பூத்து நிற்கிறது. அதைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, பிறகுதான் முதல் பூச்சு. இந்த மழைக்குள் ஆகாது.

மழை என்றதும், சங்கத்தின் அடுத்த வேலை ஊருணி வரத்துக் கால்வாய். ஐப்பசிக்கு முன்னால் முள்ளை வெட்டியாக வேண்டும். முற்றத்து மழைநீரும் தெருத் தண்ணீரும் கால்வாய் வழியே ஊருணியில் சேரும்படிதான் இந்த ஊர்களை அமைத்தார்கள். கால்வாய் மேல் சிமென்ட் மேடை போட்டு வண்டி நிறுத்துகிற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு வசூல் நடக்கிறது. கோயிலுக்கு என்றால் மறுநாளே வந்துவிடும், கால்வாய்க்கு என்றால் அடுத்த மாதம் என்கிறார்கள்.

தை மாதம் வெளியூர்ப் புள்ளிகள் வரும்போது பெரிய கூட்டம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி மேடையில் பேச நிறைய பேர் உண்டு. நான் கேட்கப் போவது ஒன்றுதான்: எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு பதிவேடு. எந்த வீட்டில் ஓடு சரிந்திருக்கிறது, யாரிடம் சாவி, எத்தனை பங்கு. இடிக்க வண்டி வந்த பிறகு போன் போட்டு என்ன பயன்?

சுவர் முடிவதற்குள்ளேயே திண்ணைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது அந்த ஊரில் கையால் செய்யும் தரை ஓடு, பார்க்கப் போய்விட்டேன். கண்ணாடி மேல் தகரச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, சட்டத்தைத் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. சுடுவது கிடையாது, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. பழைய திண்ணையில் மிச்சமிருக்கும் கல்லின் பச்சை மட்டும் ஒத்துவரவில்லை. மாதிரிக்கு ஒரு கல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், சாயம் கலந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

மேற்குக் காற்று நின்றதும் நிலைக்கு இடப்பக்க மேல்பாதியைத் தொடங்குகிறேன். அதற்குள் யாரிடமாவது ஒரு பக்கம் தேய்ந்த கூழாங்கல் இருந்தால் சொல்லுங்கள். கொத்தனாரய்யா தன் கல்லைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.