விக்கி விக்கிப் போன காவடி

முழங்கால் ஏலாமல் போனபிறகு அம்மம்மாவால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக முடியவில்லை. வைகாசி வந்தால் நாங்கள் வட்டக்கச்சியிலிருந்து வான் பிடித்துப் போவோம். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்து வழியனுப்புவார். போன வருடம் மச்சான் இரவிரவாக நின்று கமராவில் எடுத்த வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுவந்து தந்தான். அதை ரீவியில் பெரிதாகப் போட்டு அவருக்குக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

ரீவியோடு ஒரு பழைய கொம்பியூட்டரைப் பூட்டி வைத்திருக்கிறேன். நாலாம் தலைமுறை இன்ரெல் ஐ3, 8 ஜிபி ரம், விண்டோஸ், படம் பார்க்கக் கோடி (Kodi) என்ற மென்பொருள். தூக்குக்காவடி வருகிற இடத்தில் கமரா மெல்ல இடமிருந்து வலம் திரும்புகிறது. அந்த இடத்தில் படம் வெட்டி வெட்டி ஓடியது.

"என்ன மோனை, காவடி விக்கி விக்கிப் போகுது?" என்றார் அம்மம்மா. இருபது நிமிடம் போக இன்னும் மோசம். பறைச் சத்தம் தன்பாட்டில் கேட்க, படம் நின்று நின்று வந்தது. "காணும், கண் நோகுது" என்று எழும்பிப் போய்விட்டார். அது எனக்கு மனதில் தைத்துவிட்டது.

ரவுணில் ஒரு கடையில் கேட்டேன். பெட்டியைத் திறந்தும் பார்க்காமல், புதுக் கிராபிக்ஸ் கார்ட் போடவேண்டும் என்றார்கள். நெல் விற்ற காசில் வாங்கத்தான் நினைத்தேன். அதற்குமுன் ஒரு முறை நானே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பிடிபட்டது சூடு. வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நின்ற புரொசசர் வேகம், கொஞ்ச நேரத்தில் 0.8க்கு விழுந்தது. சூடு கூடினால் புரொசசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். அப்போது படத்துக்கு மூச்சு முட்டும். திறந்து பார்த்தால் ஃபானுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் செம்புழுதி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் கிரவல் ஒழுங்கை. சோளகம் வீசும் மாதங்களில் சாப்பாட்டுக் கோப்பையிலேயே புழுதி இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினேன். ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா விட்டால் அது தலைதெறிக்கச் சுற்றிப் பெயரிங் போய்விடும். புரொசசருக்கு மேலே இருந்த, சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் வெண்கட்டி மாதிரிக் காய்ந்து உதிர்ந்தது. அதைத் துடைத்து, ஒரு பயறு அளவு புதிதாக வைத்து இறுக்கினேன். அதோடு அந்த இருபது நிமிட வருத்தம் தீர்ந்தது.

ஆனால் காவடி இன்னும் விக்கியது.

இங்கேதான் நான் இரண்டு இரவுகளைத் தொலைத்தேன். டிரைவரை மாற்றினேன், ரம்மைக் கழற்றிப் பூட்டினேன், வீடியோவைப் பென் டிரைவிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் வழி காட்டியது கீபோர்டின் ஓ (O) எழுத்து. கோடியில் படம் ஓடும்போது அதை அமத்தினால் அந்த வீடியோவின் விபரம் திரையில் வரும். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் 'எச்டபிள்யூ' (HW, ஹார்ட்வெயர்) என்று இருந்தது. அதாவது சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் வேலையைச் சிப்பிலுள்ள தனிப்பகுதி செய்கிறது, புரொசசர் சும்மா இருக்கிறது. ஒரு பிரேம்கூட, அதாவது ஒரு தனிப்படம்கூட, தவறவில்லை. எல்லாம் சரி, ஆனால் படம் திக்குகிறது! அப்படியென்றால் கோளாறு படத்தை விரிப்பதில் இல்லை, அதைத் திரையில் வைப்பதில் என்று அப்போதுதான் உறைத்தது.

மச்சானின் கமரா செக்கனுக்கு 25 பிரேம் எடுக்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. அதோடு ஒத்துப்போகிற 25, 50 கணக்கில் எடுத்தால்தான் கோயில் ரியூப்லைற் வெளிச்சம் படத்தில் மினுங்காது. என் கொம்பியூட்டரோ ரீவிக்குச் செக்கனுக்கு 60 தடவை படம் அனுப்பிக்கொண்டிருந்தது. 25 பிரேமை 60 இடத்தில் எப்படிச் சமமாகப் பங்கிடுவது? சில பிரேம் இரண்டு தடவை நிற்கும், சில மூன்று தடவை நிற்கும். ஆட்கள் நின்று கதைக்கும் இடத்தில் அது தெரியாது. கமரா திரும்பும்போது, காவடி நகரும்போது, கண்ணில் குத்தும். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு தடவை, விக்கலே இல்லை.

கோடியின் செட்டிங்ஸில் பிளேயர் பகுதிக்குள் 'அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்' என்று ஒன்று இருக்கிறது. அதை 'ஆன் ஸ்டார்ட் ஸ்டாப்' என்று வைத்தேன். இப்போது 25 பிரேம் வீடியோ தொடங்கினால் ரீவி தானாக 50க்கு மாறும், நிறுத்தினால் 60க்குத் திரும்பும். மாறும்போது திரை ஒரு கணம் கறுக்கும். அந்த நேரத்தில் தொடக்கச் சத்தம் விழுங்கப்படாமல் இருக்க, மாறி முடியும்வரை படத்தை நிறுத்தி வைக்கும் செட்டிங்கும் கோடியில் உண்டு. 2 செக்கன் கொடுத்தேன்.

கனடாவிலிருந்து சித்தி அனுப்பும் ஐபோன் வீடியோக்கள் வேறு கதை. அவை எச்இவிசி (HEVC) என்ற புதிய முறையில் சுருக்கப்பட்டவை. நாலாம் தலைமுறைச் சிப்பில் அதை விரிக்கும் தனிப்பகுதி கிடையாது. ஓ எழுத்தை அமத்தினால் 'எஸ்டபிள்யூ' (SW, சொப்ட்வெயர்) என்று காட்டும், புரொசசர் முழுவதாக மூச்சிரைக்கும். இருக்கிறவற்றை இரவில் ஹாண்ட்பிரேக் என்ற மென்பொருளில், பழைய சுருக்க முறையான எச்.264 ஆக மாற்றப் போட்டுவிட்டுப் படுக்கிறேன். இனி எடுப்பதற்கு, போனின் கமரா ஃபோர்மட்டை 'மோஸ்ட் கொம்பற்றிபிள்' என்று மாற்றச் சொல்லிச் சித்திக்கு வொய்ஸ் அனுப்பினேன்.

அம்மம்மாவை மறுபடி ரீவிக்கு முன்னால் இருத்தினேன். திரை கறுத்ததும் "கரண்ட் போயிட்டுதோ?" என்றார். பிறகு காவடி வந்தது, வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார். உப்புநீரில் எரிகிற விளக்கைக் காட்டுமிடத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னார்.

இந்த வைகாசிக்கு மச்சானை 50 பிரேமில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் கமராவில் அந்த வசதி இருக்கிறதாம்.