பஸ்டர் கீட்டனின் தச்சுக்கணக்கு

மௌனப் படக் காலத்து ஹாலிவுட் நகைச்சுவை நடிகர், இயக்குநர் பஸ்டர் கீட்டன். அவர் தலையில் இருக்கும் தட்டைத் தொப்பி கடையில் வாங்கியதல்ல. அவரே செய்தது. நல்ல ஸ்டெட்சன் ஃபெல்ட் தொப்பி ஒன்றை எடுத்து உச்சியை வெட்டித் தாழ்த்துவார். ஒரு டீ கப் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் குவியலாகப் போட்டுக் கரைப்பார். அதை விளிம்பின் மேலும் கீழும் தடவி, சமமான பலகையில் அழுத்திக் காயவைப்பார். காய்ந்ததும் விளிம்பு விறைத்துக்கொள்ளும். தண்ணீரில் விழும் காட்சி என்றால் அந்தத் தொப்பி அவ்வளவுதான், அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

அவர் படம் எடுத்ததும் இதே புத்தியில்தான். எங்கே நிற்பது, கேமரா எத்தனை அடி தள்ளி, சுவர் எவ்வளவு எடை என்று முதலில் கணக்கு. பிறகு அதை ஒரே ஷாட்டில், தலை முதல் கால் வரை தெரிய, வெட்டாமல் நடத்திக் காட்டுவது. நடுவில் வெட்டினால் ஏதோ தந்திரம் என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார். சந்தேகம் வந்தால் சிரிப்பு வராது.

1895 அக்டோபர் 4இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் ஊர் ஊராகப் போய் மேடையேறிய வாடவில் கலைஞர்கள். வாடவில் என்றால் பாட்டு, கூத்து, வித்தை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி. பையனின் கோட்டு முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்து, அதைப் பிடித்துத் தூக்கி அப்பா மேடையின் குறுக்கே எறிவார். இதுதான் குடும்பத்தின் நிகழ்ச்சி. குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தார் ஓயாமல் துரத்தினார்கள், நியாயமாகவே. விழும்போது உடம்பைத் தளர்த்தி, கையையோ காலையோ முதலில் கொடுத்து வேகத்தைக் குறைக்கும் பழக்கம் அங்கே வந்தது. விழுந்து எழுந்தவன் இளித்தால் கூட்டம் அடங்கிவிடுகிறது, முகத்தைக் கல்லாக வைத்திருந்தால் இன்னும் சிரிக்கிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நடிக்கச் சொன்னார்கள். அவர் கண் கேமரா மேல். ஒன்றை இரவல் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். 1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அவருக்கென்று ஒரு ஸ்டூடியோ கொடுத்தார். எழுதி முடித்த திரைக்கதை கிடையாது. தொடக்கமும் முடிவும் பிடிபட்டால் படப்பிடிப்பு தொடங்கிவிடும், நடு தானாக வரும். யோசனை ஓடாவிட்டால் மொத்தக் குழுவும் வெளியே போய் பேஸ்பால் ஆடும். இரண்டு பேர் இல்லாமல் இது நடந்திருக்காது: கேமராமேன் எல்ஜின் லெஸ்லி, செட்டும் சாதனங்களும் செய்த ஃப்ரெட் கபூரி.

லெஸ்லியின் கைக்கு 1921இன் 'தி பிளேஹவுஸ்' ஒன்றே சாட்சி. அதற்குமுன் எடுத்த படத்தில் நகரும் படிக்கட்டில் ஷூ மாட்டி கீட்டனின் கால் உடைந்திருந்தது. ஓட முடியாது, குதிக்க முடியாது. சரி, உடம்புக்குப் பதில் கேமராவை வேலை வாங்குவோம் என்று ஒரே மேடையில் ஒன்பது கீட்டன்களை உட்காரவைத்தார்கள். லென்ஸுக்கு முன் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒன்பது செங்குத்துத் திறப்புகள். ஒன்றை மட்டும் திறந்து முதல் ஆளை எடுப்பது, மூடுவது, பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றுவது, அடுத்ததைத் திறப்பது. இப்படி ஒன்பது முறை, ஒரே நெகட்டிவில். கேமராவோ கையால் சுற்றுவது. ஒருமுறை வேகம் கொஞ்சம் மாறினாலும் பக்கத்து ஆளோடு தாளம் தப்பும். ஒன்பதாவது முறை பிசகினால் முந்தைய எட்டும் குப்பைக்கு. நடிகருக்கு மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி, சுற்றுபவருக்கு அவர் கைதான் மெட்ரோனோம்.

1924இன் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் சினிமா ஆபரேட்டர் ஒருவன் கனவில் திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். அவன் நின்றபடி நிற்க, பின்னணி மட்டும் தெரு, பாறை, கடல், பனி என்று மாறும். ஒவ்வொரு இடத்திலும் கேமராவுக்கும் அவருக்கும் இடையிலான தூரத்தை நிலம் அளக்கும் கருவிகளால் அளந்து அதே புள்ளியில் நிறுத்தினார்கள். சில அங்குலம் தவறினாலும் ஆள் திரையில் துள்ளியிருப்பார். அதே படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் குழாயில் தொங்கும்போது நீர் எதிர்பாராத வேகத்தில் கொட்டி, கழுத்து தண்டவாளத்தில் மோதியது. சில நாள் தலைவலி என்று விட்டுவிட்டார். எலும்பு முறிந்து தானாகக் கூடியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது பல வருஷம் கழித்து. அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது.

1926இன் 'தி ஜெனரல்' அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த எஞ்சின் கடத்தலை வைத்து எடுத்தது. பழைய தண்டவாளம் ஒரேகான் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் பக்கம் மரம் இழுக்கும் பாதைகளில் மிச்சமிருந்ததால் அங்கே போனார்கள். காதலி கைவிட்ட நாயகன், எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டில் உட்கார்ந்திருக்க, வண்டி கிளம்பி அவனை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு போகும் காட்சி உலகத்துக்கே தெரியும். அதில் அபாயம் எங்கே என்றால் கிளம்பும் நொடியில். நீராவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் சக்கரம் பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்திலேயே வெறியாகச் சுழலும். தண்டில் இருப்பவர் பிழைக்க மாட்டார். எனவே அந்த ஷாட்டின் உண்மையான கலைஞர், முகம் தெரியாத எஞ்சின் டிரைவர்தான்.

அதே ஆண்டு ஜூலை 23 அன்று, எரியும் பாலத்தின் மேல் நிஜ எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழவைத்தார்கள். செலவு 42,000 டாலர் என்பார்கள். மௌனப் படக் காலத்தின் மிக விலையுயர்ந்த ஒற்றை ஷாட். இன்னொரு முறை எடுக்க வழியில்லை, அதனால் பல கேமராக்கள். எஞ்சின் இரண்டாம் உலகப்போரில் பழைய இரும்புக்காகத் தூக்கும்வரை ஆற்றிலேயே கிடந்தது. படம் அன்று தோல்வி, விமர்சகர்களும் திட்டினார்கள். எனக்கு அது அவர் எடுத்ததில் ஆகச் சிறந்தது.

சுவர் விழும் காட்சி 1928இன் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில். புயலில் ஒரு வீட்டின் முகப்பு முழுதாகச் சாய்கிறது. கீழே நிற்பவர் மேல்மாடி ஜன்னலின் திறப்புக்குள் அகப்பட்டுத் தப்புகிறார். சுவரின் எடை சுமார் இரண்டு டன். தோளுக்கும் தலைக்கும் இரண்டிரண்டு அங்குல இடைவெளி. இவ்வளவு கனம் எதற்கு, லேசான தட்டியில் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். புயலுக்காக விமான எஞ்சின் பூட்டிய ராட்சத விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தட்டி அந்தக் காற்றில் நெளிந்து, ஜன்னல் வேறெங்காவது இறங்கும். கனமான, விறைப்பான சுவர் மட்டுமே கீலில் நேராக வந்து விழும். பாதுகாப்பே அந்த எடையில்தான் இருந்தது. இதே வேடிக்கையைச் சின்ன அளவில் 1920இன் 'ஒன் வீக்' படத்திலேயே செய்துபார்த்திருந்தார்.

பேசும்படம் வந்து கீட்டனை ஒழித்தது என்று எழுதுகிறார்கள். அது தவறு. 1928இல் சொந்த ஸ்டூடியோ கையைவிட்டுப் போய், எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்ததுதான் ஒழித்தது. அங்கே திரைக்கதை முழுதாக எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். போகிறபோக்கில் கண்டுபிடிக்க இடமில்லை. விலையுயர்ந்த சொத்து அடிபடக் கூடாதென்று டூப் போடச் சொன்னார்கள். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. ஒலி உச்சரிப்பை மனப்பாடம் செய்து ஸ்பானிஷ், பிரெஞ்சு பதிப்புகளில்கூட அவரே பேசினார். அந்தப் படங்கள் நன்றாக வசூலித்ததுதான் கொடுமை. முறையை மாற்ற கம்பெனிக்குக் காரணமே இருக்கவில்லை. குடி, 1932இல் விவாகரத்து, 1933இல் வேலைநீக்கம். பிறகு அதே கம்பெனியில் மற்றவர்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு சொல்லும் சின்ன வேலை. 1940இல் எலினார் நாரிஸை மணந்தது அவரை நிமிர்த்தியது. 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்'டில் ஒரு காட்சி, 1960இல் கௌரவ ஆஸ்கர்.

கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 'தி ரயில்ராடர்' என்ற குறும்படத்தில் நடித்தபோது வயது 68ஐத் தாண்டிவிட்டது. உயரமான ரயில் பாலத்தைக் கடக்கையில், விரித்த வரைபடம் அவர் மேல் சுற்றிக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று இயக்குநர் தயங்கினார், கீட்டன் கேட்கவில்லை. பாலத்தின் மேலேயே எடுத்தார்கள். அந்த வாக்குவாதம் ஓர் ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 1966 பிப்ரவரி 1இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

பார்க்கத் தொடங்குபவர்கள் 'ஒன் வீக்'கை எடுங்கள், இருபது நிமிடத்துக்கு முன்பின். 1928 வரையான அவர் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் மோசமான பிரதிகள் மலிந்திருக்கின்றன. பெரும்பாலும் கோளாறு வேகத்தில். கையால் சுற்றி எடுத்ததை இன்றைய நிலையான வேகத்தில் அப்படியே ஓட்டினால் எல்லோரும் பூச்சி மாதிரி ஓடுவார்கள். துரத்தல் காட்சிகள் திரையில் வேகமாகத் தெரிய, எடுக்கும்போது கேமராவை வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவது அன்றைய வழக்கம் என்பதால், கீட்டனின் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமைதியான ஒரு காட்சியில், பின்னால் சும்மா நடந்து போகிறவரைப் பாருங்கள். அவர் நடை இயல்பாக இல்லையென்றால் அந்தப் பிரதியை மூடிவிட்டு, இத்தாலியின் பொலோஞா திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்ததைத் தேடுங்கள்.