கண்முன்னே இரட்டிப்பான கடன்

பழுதான கணினிக் கணக்கை நம்பி, தபால் நிலையம் நடத்தியவர்களைக் குற்றவாளிகளாக்கிய பிரிட்டிஷ் தபால் நிலைய வழக்குகள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அன்று எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை. இன்றும் அப்படித்தான்.

ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூர். கடையோடு சேர்த்துத் தபால் நிலையம் நடத்தியவர் ஜோ ஹாமில்டன். ஃபுஜிட்சு நிறுவனம் தந்த 'ஹொரைசன்' என்ற கணக்குக் கணினி, 2,000 பவுண்டு குறைகிறது என்றது. உதவி எண்ணை அழைத்தார். அவர்கள் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தார். அவர் கண்முன்னே, திரையில் அந்தத் தொகை 4,000 ஆனது! நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. எடுக்காத பணத்தைக் கட்ட வீட்டை அடகு வைத்தார். கடைசியில் சிறைக்குப் பயந்து, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார்.

சர்ரேயில் தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ராவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2010 நவம்பரில் சிறைக்குப் போனபோது அவர் கர்ப்பிணி. அன்று மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு நாள் விடியக் கூடாது.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால், 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை' என்றே பலரிடமும் தபால் நிலைய நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இவர்களைப் போலவே தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் போராடினார். 2024இல் தனிச் சட்டம் வந்து தண்டனைகள் ரத்தாயின. குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை. அவர்களுக்கு எந்தச் சட்டம் எதைத் திருப்பித் தரும்?

இழப்பீட்டுக்காகக் காத்திருந்தே சிலர் இறந்துபோனார்கள். மிச்சமிருப்பவர்களையும் படிவம் நிரப்பச் சொல்லி அலைக்கழிக்காதீர்கள். கொடுக்க வேண்டியதை உடனே கொடுங்கள்.